புழுக்கை பார்க்கிறவர்

கால்நடை மருத்துவமனையின் பின்பக்கம் ஒரு சிறிய அறை. முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் இடமாக இருந்தது. இப்போது அங்கே ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஒரு டீ வடிகட்டி, உப்புக் கரைசல் நிரம்பிய பழைய ஜாடி. காலையிலேயே ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் வந்து நின்றுவிடுகிறார்கள். எல்லார் கையிலும் முடிச்சுப் போட்ட சின்னப் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஆட்டுப் புழுக்கை.

"யாரோடது?" என்று கேட்பார் உள்ளே இருப்பவர்.

"என்னோட ஆட்டோடதுங்க."

"ஆட்டோடதுன்னு பார்த்தாலே தெரியுது. எந்த ஆடு?"

முகத்தில் சிரிப்பே இருக்காது. ஊரில் அவருக்குத் தக்காளி என்று பெயர். இளவயதில் சந்தைக்குக் கொண்டுபோன ஒரு கூடைத் தக்காளியை, "நல்லாப் பழுத்தது, நல்லாப் பழுத்தது" என்று கூவி விற்றார். கூடையில் இருந்தது முக்கால்வாசியும் காய். அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்றுவரை உதிரவில்லை. அவரும் உதிர்க்க முயன்றதில்லை. தனக்குக் கவனம் போதாது என்று ஊர் சொன்னதை அவரே நம்பியிருந்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதுதான்.

ஊரின் விளிம்பில் ஒரு பொதுக் கொட்டகை இருக்கிறது. சில குடும்பங்கள் சேர்ந்து போட்டது. உள்ளே மூங்கில் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு குடும்பத்தின் ஆடுகள். தக்காளிக்கும் அவர் மனைவிக்கும் அங்கே ஒரு தடுப்பு. பக்கத்துத் தடுப்பு மனைவியின் அண்ணனுடையது. அதற்கடுத்தது பால்காரம்மாவுடையது. ஆட்டுப்பால் விற்றுப் பிழைப்பவர் என்பதால் அந்தப் பெயர். வீட்டில் ஆடு கட்ட இடமில்லாதவர்கள் இவர்கள். கொட்டகையில் இடம் போனால் ஆடு போயிற்று, ஆடு போனால் பிழைப்பும் போயிற்று.

மழைக்காலம் வந்தால் ஆடுகளின் வயிற்றில் ஒரு புழு பெருகும். நூல் போல இருக்கும். இரைப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆடு வெளியே கொழுகொழுவென்று தெரியும், உள்ளே வற்றிக்கொண்டிருக்கும். மருந்து உண்டு. ஆனால் எல்லா ஆட்டுக்கும் எப்போதும் ஊற்றிக்கொண்டே இருந்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது, பிறகு எதற்கும் அசைவதில்லை. அதனால் கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்க்க வேண்டும். ரத்தம் இருந்தால் சிவப்பு, குறையக் குறைய இளஞ்சிவப்பு, கடைசியில் காகித வெள்ளை. ஒப்பிட்டுப் பார்க்க நிறங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றையும் கொடுத்தார். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து.

இமை பார்க்கும் வேலையை எல்லாரும் தக்காளியிடம் தந்தார்கள். முரட்டு ஆடும் அவர் கை பட்டால் அடங்கும் என்பதே காரணம். நிறத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? கண் இருக்கிறது, பார்க்கிறான்.

அவர் பார்த்தார். தடுப்பு தடுப்பாக, அட்டையைப் பக்கத்தில் வைத்து, பொறுமையாகப் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்கு" என்றார். அந்த மழையில் முதலில் செத்தது பால்காரம்மாவின் மூத்த ஆடு. கொட்டகையிலேயே அதிகம் பால் கறந்தது அது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. காலையில் படுத்தது எழவில்லை. பிறகு இன்னொரு தடுப்பில் ஒன்று. டாக்டரம்மா வந்து வயிற்றை அறுத்துக் காட்டினார். இரைப்பை முழுக்கப் புழு.

மனைவியின் அண்ணன் வாய்க்கு வந்தபடி பேசினார்.

"ஏன் மாப்பிள்ளை, அத்தனை நேரம் ஒவ்வொரு ஆட்டுக் கண்ணையும் உத்து உத்துப் பார்த்தியே, என்னத்தைப் பார்த்த? வெளுத்ததெல்லாம் பால்னு நம்புற ஆளுகிட்ட வேலையைக் கொடுத்தோம் பாரு, எங்களைச் சொல்லணும்."

பால்காரம்மா திட்டவில்லை. அதுவரை "தம்பி, தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் அன்றிலிருந்து அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அண்ணனின் வசவைவிட அது அவருக்குக் கனத்தது.

டாக்டரம்மா மட்டும் யோசனையாக நின்றார். தக்காளியைக் கூப்பிட்டு ஓர் ஆட்டின் இமையை இழுத்துக் காட்டி, "இது அட்டையில எந்த நிறம்?" என்றார். அவர் மேலிருந்து முதலாவதைத் தொட்டார். அது நல்ல சிவப்பு. இமையோ வெளிறிப்போன இளஞ்சிவப்பு. டாக்டரம்மா ஆட்டுக்கு அடையாளம் போடும் வண்ணக் குச்சிகளைப் பையிலிருந்து எடுத்தார். மேலே சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, "சிவப்பை எடுங்க" என்றார். அவர் ஒரு குச்சியை எடுத்து முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார், பிறகு தயங்கித் தயங்கி நீட்டினார். பச்சை.

"எப்பவும் முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பீங்களா?"

"எல்லாரும் அப்படித்தானேம்மா?"

நான் காணும் சிவப்பைத்தான் நீயும் காண்கிறாயா என்பது பழைய கேள்வி. பெரிய பெரிய மூளைகள் அதை வைத்துக்கொண்டு நிறைய நாற்காலிகளைத் தேய்த்திருக்கின்றன. ஒரு கொட்டகை வாசலில், அடையாளக் குச்சியை வைத்துக்கொண்டு, அதற்கு ஒருவருடைய அளவிலாவது விடை கிடைத்துவிட்டது. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே மங்கிய மண் நிறம், சிவப்பு வெளிறுவதும் அந்த மங்கலில் தெரியாது. பிறவியிலேயே அப்படி. அதற்கு நிறக்குருடு என்று பெயர் என்று டாக்டரம்மா சொன்னார்.

வீட்டில் மனைவி இதைக் கேட்டதும் எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு சால்வையை எடுத்துவந்தார்.

"ஏங்க, நீங்க எனக்கு முதன்முதலா வாங்கித் தந்தது. 'ரத்தச் சிவப்பா இருக்கு, உனக்கு எடுப்பா இருக்கும்'னு சொன்னீங்களே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. கடைக்காரன் சிவப்புன்னுதான் சொன்னான்."

"இலைப் பச்சைங்க இது! கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சு நான் ரெண்டு நாள் அழுதேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அழுவீங்களோன்னுதான்."

இருவரும் சிரித்தார்கள். கவனமில்லாதவன் என்று அத்தனை வருடமாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு அன்று ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் இறங்கியதைக் கீழே வைக்க நேரமில்லை. கொட்டகைக் குடும்பங்கள் கூடி முடிவெடுத்திருந்தன. இமை பார்க்கும் வேலை இனி அண்ணனுக்கு. தக்காளியின் தடுப்பை என்ன செய்வது என்பதை அடுத்த மழைக்காலம் முடிந்ததும் பேசிக்கொள்வது. ஆடு செத்த வீட்டுக்காரர்கள் அந்த இடத்தைக் கேட்டிருந்தார்கள். அண்ணனும் தடுக்கவில்லை.

அவருக்கு நுண்ணோக்கியைக் காட்டியவர் டாக்டரம்மா. இரக்கத்தால் செய்ததாகச் சொல்ல மாட்டேன். டாக்டரம்மாவுக்கு உதவ ஆள் இல்லை, நேரமும் இல்லை. புழு வயிற்றில் இருந்தால் அதன் முட்டை புழுக்கையில் வரும். இமை வெளுப்பதற்கு முன்பே, ரத்தம் வற்றுவதற்கு முன்பே வரும். புழுக்கையை நசுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, கோடு போட்ட ஒரு கண்ணாடித் தட்டில் விட்டால் முட்டை மேலே மிதந்துவரும். கோடுகளுக்கு உள்ளே இருப்பதை மட்டும் எண்ண வேண்டும். எந்த ஆட்டில் முட்டை அதிகமோ, அதற்கு மருந்து.

"முட்டை என்ன நிறம்மா?" என்று முதலிலேயே கேட்டார் தக்காளி, பயத்தோடு.

"நிறம் கிடக்குது, விடுங்க. உருவத்தைப் பாருங்க."

அந்தச் சொல் அவருக்காகவே சொன்னதுபோல இருந்தது. புழுக்கைக் கரைசலில் எத்தனையோ குப்பை: இலை நார், மகரந்தம், மண் துகள், காற்றுக் குமிழி. எல்லாம் ஒரே பழுப்பில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். தக்காளிக்கு வாழ்நாள் முழுதும் உலகமே அப்படித்தான் இருந்தது. பழமா காயா என்பதை அமுக்கிப் பார்த்தும், வாளி யாருடையது என்பதை அதன் நெளிசலைக் கொண்டும், ஆடு எது என்பதை அது திரும்பும் விதத்தைக் கொண்டும் கண்டுபிடித்துப் பழகியவர். முட்டையின் மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் கொத்துபோலத் திரண்டிருக்கும் கரு, இரு முனைகளின் வளைவு, இவை அவர் கண்ணில் தானாக வந்து நின்றன. நிறக்குருடருக்கு உருவம் கூடுதலாகத் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஒன்றை நம்ப முடியாதவன் மற்றொன்றைக் கூர்தீட்டிக்கொள்கிறான் என்பதுவரை ஒப்புக்கொள்வேன்.

ஒரே தட்டை இருவரும் தனித்தனியாக எண்ணினார்கள். ஒன்றிரண்டு முன்பின்னாகக் கணக்கு ஒத்துவந்தது. ஒத்து வராத ஒருமுறை டாக்டரம்மா திரும்ப எண்ணிவிட்டு, "நான்தான் ஒரு மகரந்தத்தைச் சேர்த்துட்டேன்" என்றார். அவ்வளவுதான். இருவரும் அடுத்த தட்டுக்குப் போனார்கள்.

வீட்டில்தான் சிக்கல்.

"ஏங்க, நேத்து வாங்கின உப்பு எங்க? சமையலுக்கு ஒரு கல்லு இல்ல."

"கரைச்சிட்டேன்."

"ஆட்டுக்குப் பின்னாடியே வாலைத் தூக்குதா, வாலைத் தூக்குதான்னு நடக்குறீங்க. கொஞ்சம் கடைப்பக்கமும் நடந்து உப்பு வாங்கிட்டு வாங்க."

மறுவருட மழை தொடங்கியது. கொட்டகையின் ஒரு பக்கக் கூரை ஒழுகியதால் அண்ணன் ஒரு பெரிய தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். இமை பார்க்க அதன் கீழே வசதியாக இடம் கிடைத்தது. ஆட்டை மழையில் நனைக்க வேண்டியதில்லை. டாக்டரம்மாவின் அட்டையை ஈரம் படக்கூடாதென்று வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "அட்டை எதுக்கு? நிறம் தெரியாதவனுக்குத்தான் அட்டை" என்றார். அவர் பார்த்த ஆடுகள் எல்லாம் சிவந்த இமையோடு இருந்தன. அவருக்கு அதில் பெருமை. அவர் கைக்கு வந்ததிலிருந்து ஓர் ஆடும் வெளுக்கவில்லை.

தக்காளியோ எல்லாத் தடுப்பிலிருந்தும் புழுக்கை பொறுக்கிவந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. புழுக்கைக்கு யார் உரிமை கொண்டாடப்போகிறார்கள்? தன் ஆடுகளில் முட்டை ஏறியவற்றுக்கு டாக்டரம்மா கொடுத்த மருந்தை ஊற்றினார். முட்டை இறங்கியது. பால்காரம்மாவின் தடுப்பில் ஓரளவு. அண்ணனின் தடுப்பில்தான் கோடுகளுக்கு இடையே இடமில்லாமல் முட்டை. அதிலும் அண்ணன் செல்லமாக ராணி என்று கூப்பிடும் கறுப்பு ஆட்டின் தட்டை எண்ணி முடிப்பதற்குள் கண் வலித்தது.

போய்ச் சொன்னார்.

"மச்சான், உன் தடுப்புல முட்டை ரொம்ப ஏறிடுச்சு. ராணிக்குத்தான் அதிகம். இன்னிக்கே மருந்து ஊத்திடு."

அண்ணன் ராணியின் முதுகைத் தட்டினார். "இதுக்கா? இவ இமையைப் பாரு, செக்கச்செவேல்னு இருக்கு. ஓ, உனக்குத்தான் தெரியாதே! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு மாப்பிள்ளை. உன் தடுப்பைக் காப்பாத்திக்க என் ஆட்டை நோயாளி ஆக்குறியா?"

"வந்து நீயே பாரேன்."

அண்ணன் மருத்துவமனைக்கு வந்தார். நுண்ணோக்கியில் குனிந்தார்.

"ஆமா, முட்டை! ஒண்ணு, ரெண்டு... உருண்டை உருண்டையா, கறுப்பு விளிம்போட! என்னா பெருசு!"

"அது காத்துக் குமிழி மச்சான்."

அண்ணன் நிமிர்ந்தார். முகம் சிறுத்துவிட்டது. "நீ சொன்னா முட்டை, நான் சொன்னா குமிழியா? போய்யா. கண் வெளுத்தா அப்புறம் பார்த்துக்கலாம்."

மாலையில் கொட்டகையில் எல்லாரும் இருந்தபோது மனைவி பேசினார். அண்ணன் முன்னால் அவர் குரல் உயர்ந்ததை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"அண்ணா, ஒரே பேச்சு. டாக்டரம்மா வந்து பார்க்கட்டும். இவர் சொன்னது தப்புன்னா மழை முடியிறவரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டாம். எங்க ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நாங்களே கிளம்பிடுறோம்."

தக்காளி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். போக இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"டாக்டரம்மா வெளியூர் போயிருக்காங்க. வர நாளாகும்" என்றார் அண்ணன். "வரட்டும். ஆனா சொன்ன பேச்சு மாறக்கூடாது."

மறுநாள் காலை மழை சற்று வெறித்திருந்தது. பால்காரம்மா வழக்கத்துக்கு மாறாகத் தார்ப்பாயின் கீழே ஆட்டை நிறுத்திக் கறந்தார். அவருடைய தடுப்பிலும் அன்று கூரை ஒழுகியிருந்தது. கறந்துவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கியவர் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடிவந்தார்கள்.

"ஐயோ, பால்ல ரத்தம்! பாருங்க, பால் செவந்து கிடக்குது! இருக்கிறதும் போச்சே!"

அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஆமா, ரோசா நிறமா இருக்கு. மடியில அடி பட்டிருக்கும்."

மனைவி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். நின்றார். மறுபடியும் உள்ளே போனார். மறுபடியும் வெளியே வந்தார்.

"அக்கா, பால் வெள்ளையாத்தானே இருக்கு?"

வெளியே பால் வெள்ளை. உள்ளே பால் சிவப்பு. ஆட்கள் பாத்திரத்தோடு உள்ளேயும் வெளியேயும் நடந்தார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது, ஒருவர் பேய் என்றார். தக்காளிக்கு மட்டும் இரண்டு இடத்திலும் அந்தப் பாலில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அவர் ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே நிமிர்ந்து கேட்டார்.

"இந்தத் தார்ப்பாய் என்ன நிறம்?"

"சிவப்பு" என்றார் மனைவி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுக்குக் கீழ பால் சிவப்பாத் தெரிஞ்சா, இமை எப்படித் தெரியும்?"

அண்ணன் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார், தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. மழை தொடங்கியதிலிருந்து ஒவ்வோர் ஆட்டையும் அவர் அங்கேதான் பார்த்திருந்தார். பக்கத்தில் அட்டை இருந்திருந்தால் அதுவும் சிவந்து அவரை எச்சரித்திருக்கும். அட்டையோ அலமாரியில் பத்திரமாக இருந்தது.

சிவப்பைக் கண்டவர்கள் அத்தனை பேரும் தங்கள் கண்ணை நம்பினார்கள். சிவப்பையே காணாத ஒருவர்தான், வாழ்நாளெல்லாம் அதனிடம் ஏமாந்தவர் என்பதால், அதன்மேல் சந்தேகப்பட்டார். அறிவு என்று இதற்குப் பெயர் வைக்கலாமா என்று நான் யோசித்திருக்கிறேன். வைக்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

தக்காளி ராணியைக் கொம்போடு பிடித்தார். அது அவர் கைக்கு எப்போதும்போல அடங்கி நடந்தது. திறந்த வெளிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். தூறல் போட்டது.

"மச்சான், இமையை நீ இழு. எனக்கு நிறம் தெரியாது. நீயே சொல்லு."

அண்ணன் குனிந்து இமையை இழுத்தார். இழுத்த கை அப்படியே நின்றது.

"என்ன நிறம்ண்ணா?" என்றார் மனைவி.

"வெள்ளை" என்றார் அண்ணன். "துணி வெளுத்த மாதிரி வெள்ளை."

அன்று மருந்து ஊற்றுவதில் அண்ணனே முன்னால் நின்றார். தக்காளி எந்த ஆடு என்று சொல்ல, அண்ணன் பிடிக்க, மனைவி ஊற்ற, பகல் முழுதும் வேலை நடந்தது. முட்டை ஏறாத ஆடுகளை விட்டுவிட்டார்கள். ராணி இரண்டு நாள் தலை தூக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய டாக்டரம்மா அதற்கு ரத்தம் ஊற ஊசி போட்டார், தக்காளியின் தட்டுகளைத் தானும் எண்ணிப் பார்த்தார். எண்ணிவிட்டு, "உடைஞ்ச நாற்காலி போட்டிருக்கிற அறையை ஒழிச்சுத் தரேன். தினமும் வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மழையில் கொட்டகையில் ஓர் ஆடும் சாகவில்லை. ராணியும் எழுந்துவிட்டது. எழுந்தவுடன் செய்த முதல் காரியம் தக்காளியின் தடுப்பு மூங்கிலை முட்டி உடைத்ததுதான்.

மழை முடிந்ததும் குடும்பங்கள் கூடின. தக்காளியின் தடுப்பைப் பற்றிப் பேச வேண்டிய நாள். அவரும் மனைவியும் ஓரமாக நின்றார்கள். பால்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் கையில் முடிச்சுப் போட்ட ஒரு பை.

"தம்பி" என்றார். "என் சின்ன ஆட்டோடது. கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

தக்காளி இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார். புழுக்கைப் பையை அவ்வளவு மரியாதையாக யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

"சரிக்கா. சாயங்காலம் சொல்றேன்."

அதற்குமேல் பேச எதுவும் இருக்கவில்லை. அண்ணன் ஒரு கட்டு மூங்கிலோடு வந்து, ராணி உடைத்த தடுப்பைக் கட்ட உட்கார்ந்தார். முன்பிருந்ததைவிட ஒரு முழம் தள்ளி, தன் பக்கத்தில் கட்டினார். தங்கை அதைக் கவனித்தார்.

கட்டி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு அண்ணன் சொன்னார்: "அந்தத் தார்ப்பாயைப் பிரிச்சிட்டேன். வேற வாங்கணும். என்ன நிறம் வாங்கலாம்?"

"அவர்கிட்டயா கேக்குறீங்க?" என்று மனைவி சிரித்தார்.

"வேற யார்கிட்டக் கேக்கணும்?" என்றார் அண்ணன்.

தக்காளி கொஞ்சம் யோசித்தார்.

"வெள்ளையா வாங்கு மச்சான். அது ஒண்ணு எனக்கே தெரியும்."